‘ரிப்போர்ட் நார்மல்’ என்பது தீர்ப்பல்ல

“கொரோனா வந்துட்டுப் போனதிலிருந்து உடம்பு முன்ன மாதிரி இல்லை” என்று யாராவது சொன்னால், அவருக்கான பதில் நம் ஊரில் தயாராக இருக்கிறது. “அது வந்து எத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா அதையே சொல்லிக்கிட்டிருக்கே?” என்பார்கள் வீட்டில். “எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ரிப்போர்ட் நார்மல். டென்ஷனைக் குறைங்க, காலையில நல்லா வாக்கிங் போங்க” என்பார் டாக்டர். அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். லீவ் லெட்டரை வாங்கும் முகமே சொல்லிவிடும். மூன்று இடத்திலும் அடியில் ஓடுவது ஒரே நம்பிக்கைதான்: காய்ச்சல் விட்டதோடு கொரோனா முடிந்தது, அதற்குப் பிறகு உடம்பு சொல்வதெல்லாம் மனசின் வேலை, இல்லாவிட்டால் சோம்பல்.

இந்த நம்பிக்கை தவறானது. படித்தவர்களும் பாமரர்களும் ஒருசேரச் சுமக்கும் இந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் நோயாளி.

கிருமி போன பிறகும் கேடு தங்கும் என்பது நமக்குப் புதிய செய்தியா? 2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியது. காய்ச்சல் சில நாளில் இறங்கியது. மூட்டுவலி பலரை மாதக்கணக்கில் முடக்கிப்போட்டது. காலையில் விரலை மடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை எல்லோரும் பார்த்தோம். ‘காய்ச்சல் போய்விட்டதே, இதெல்லாம் மனப்பிரமை’ என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சிறு வயதில் வந்த சாதாரணத் தொண்டைப்புண், ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுத்துவிடுவதால், 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட நாம், கொரோனா என்றதும் மட்டும் ஏன் மறுக்கிறோம்?

கொரோனாவுக்குப் பின் தங்கும் இந்த நோயின் பெயர் லாங் கோவிட். இதை முதலில் கண்டுகொண்டு பேசியவர்கள் நோயாளிகளே. அவர்களில் ஆராய்ச்சிப் பயிற்சி உள்ள சிலர் கூடி 2020இல் ஆய்வு தொடங்கினார்கள். 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரின் பதில்களைத் தொகுத்து 2021இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 10 உறுப்பு மண்டலங்களைச் சேர்ந்த 203 அறிகுறிகள் பதிவாயின. அதே ஆண்டு அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு இலக்கணம் வகுத்தது: தொற்று தொடங்கிச் சுமார் மூன்று மாதத்தில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள்.

ஒரே நோய் எப்படி மூச்சையும் மூளையையும் வயிற்றையும் இதயத்தையும் ஒன்றாகத் தொடும் என்று கேட்பவர்கள் உண்டு. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசலான ஏ.சி.இ.2 புரதம் நுரையீரலில் மட்டும் இல்லை. இதயம், சிறுநீரகம், குடல் என்று பல இடங்களில் இருக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் கெட்டால், ரத்தம் போகும் இடமெல்லாம் பாதிப்பும் போகும். அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழக விஞ்ஞானிகள், கொரோனாவோடு இறந்த 44 பேரின் உடல்களை ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். மூளை உட்படப் பல உறுப்புகளில் வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தது. ஒருவரிடம் அறிகுறி தொடங்கி 230 நாள் கழித்தும் இருந்தது. எஞ்சிய வைரஸ், அடங்காத நோய் எதிர்ப்பு மண்டலம், நுண்ணிய ரத்த உறைவு, தானியங்கி நரம்புகளின் குலைவு ஆகியவை காரணங்களாக ஆராயப்படுகின்றன. எல்லா நோயாளிக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை.

இனி அந்த நம்பிக்கை நிற்கும் மூன்று கால்களைப் பார்ப்போம்.

முதல் கால்: ‘ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்தவர்களுக்குத்தான் பின்விளைவு, வீட்டிலிருந்தே சரியானவர்களுக்கு என்ன வந்தது?’ அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறையின் பதிவுகளை வைத்து ஜியாத் அல்-அலி குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 1,53,760 கொரோனா நோயாளிகள் இருந்தார்கள். தொற்று வராதவர்களோடு ஒப்பிட்டபோது, ஓராண்டுக்குள் பக்கவாதம் வரும் வாய்ப்பு 52 சதவீதமும் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு 72 சதவீதமும் கூடியிருந்தது. ஆயிரம் பேருக்கு என்று கணக்கிட்டால், இதயச் செயலிழப்பில் கூடுதலாகச் சுமார் 12 பேர். ஆஸ்பத்திரியில் சேராதவர்களிடமும், அளவு குறைவென்றாலும், ஆபத்து கூடியே இருந்தது. இந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயதான வெள்ளை ஆண்கள். ஆகவே அந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் லேசாக வந்தால் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

மூளைக்கு இன்னும் நேரடியான சான்று இருக்கிறது. பிரிட்டனின் யு.கே. பயோபேங்க் திட்டத்தில் கொரோனாவுக்கு முன்பே மூளை ஸ்கேன் எடுத்திருந்த 785 பேருக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். இடையில் 401 பேருக்குத் தொற்று வந்திருந்தது. அவர்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 15 பேர்தான். தொற்று வந்தவர்களின் மூளையில், மோப்பத்தோடும் நினைவோடும் தொடர்புள்ள சில பகுதிகள் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக மெலிந்திருந்தன. அரிசி டப்பாவைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பவரை, பழகிய தெருவில் திருப்பம் மறந்தவரை, ‘கவனம் இல்லை’ என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கால்தான் கெட்டியானது: ‘ரிப்போர்ட் நார்மல்.’ எந்த ரிப்போர்ட் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ரத்த அணுக்கள், சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே, படுக்கவைத்து எடுத்த ஈ.சி.ஜி. கிணற்று மோட்டாரைப் படம்பிடித்துப் பார்த்துவிட்டு அது தண்ணீர் ஏற்றுகிறது என்று யாரும் சொல்வதில்லை. நுரையீரலும் அப்படித்தான், வடிவம் வேறு, வேலை வேறு. காற்றிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை அளக்கத் தனிப் பரிசோதனை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேருக்கு அதைச் செய்து பார்த்தார்கள். சுமார் 44 சதவீதம் பேரிடம் அந்தத் திறன் குறைந்திருந்தது. பாதிப் பேருக்கு மூச்சிரைப்பு இருந்தது. இது நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பவருக்கு எக்ஸ்ரேயைக் காட்டி அனுப்பிவிடுவது எவ்வளவு குறைபட்ட வைத்தியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதயத் துடிப்பையும் பாருங்கள். நோயாளியைச் சற்று நேரம் படுக்க வைத்து நாடியையும் பிரஷரையும் குறித்துக்கொண்டு, எழுந்து அசையாமல் நிற்கச் சொல்லி, பத்து நிமிடம் வரை நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். படுத்திருக்கையில் 75 இருந்த துடிப்பு நின்றதும் 110, 115 என்று ஏறி அங்கேயே நிற்கும். பிரஷர் இறங்கியிருக்காது. கை நடுங்கும், தலை கிறுகிறுக்கும், பாதம் கருநீலம் பாயும். பெரியவர்களுக்கு இப்படி 30 துடிப்புக்குக் குறையாமல் கூடி, தொல்லை மாதக்கணக்கில் நீடித்தால் அது பாட்ஸ் எனப்படும் நரம்புக் குலைவு. குளித்து முடித்ததும் துவண்டு உட்காரும் பெண், தோசை வார்க்க நிற்க முடியாமல் அடுப்படியில் ஸ்டூல் போட்டுக்கொள்ளும் பெண் இவர்களில் இருக்கக்கூடும். படுக்கவைத்து எடுத்த ஈ.சி.ஜி.யில் அவர் நார்மல்தான், நிற்கும்போதுதான் நோய். இந்தச் சோதனைக்குத் தேவை ஒரு கட்டில், ஒரு பிரஷர் கருவி, இருபது நிமிடம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம். லாங் கோவிட் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெண் சொல்லும் உடல்நோவுக்கு ‘டென்ஷன்’, ‘மெனோபாஸ்’ என்று பெயர் வைத்து அனுப்புவது நம் பழைய வழக்கம். இரண்டும் சேர்ந்தால் அவர் கதி என்ன ஆகும்?

மூன்றாம் கால்: ‘படுத்தே கிடந்தால் அப்படித்தான், எழுந்து ஓடு, சரியாகிவிடும்.’ ஆம்ஸ்டர்டாமில் 25 லாங் கோவிட் நோயாளிகளையும் 21 ஆரோக்கியமானவர்களையும் சைக்கிள் மிதிக்க வைத்து, அதற்கு முன்னும் மறுநாளும் தசைத் துணுக்கு எடுத்து ஆராய்ந்தார்கள். உடலை வருத்தினால் மறுநாள் படுத்துவிடும் அந்த நோயாளிகளின் தசையில் ஆற்றல் உற்பத்தி குறைந்திருந்தது. பயிற்சிக்குப் பின் திசுச் சேதமும் கூடியிருந்தது. 2024இல் இது வெளியானது. இதே தன்மையுள்ள நாட்பட்ட சோர்வு நோய்க்கு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021லேயே கைவிட்டது. எல்லா லாங் கோவிட் நோயாளிக்கும் உடற்பயிற்சி ஆகாது என்பதில்லை. இன்று நடந்தால் நாளை படுக்கை என்று ஆகிறவரை விரட்டி விரட்டி நடக்கவைப்பது சிகிச்சையாகாது. அது காயத்தின் மேல் காயம்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டும். இளைஞர் ஒருவர் மாரடைப்பில் இறந்தால் வாட்ஸ்அப்பில் முதல் குற்றவாளி தடுப்பூசி. வந்துபோன நோயை யாரும் நினைப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவு என்ன? தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், மிதமிஞ்சிய குடி போன்றவையே ஆபத்தைக் கூட்டின. லாங் கோவிட் வரும் வாய்ப்பையும் தடுப்பூசி குறைக்கிறது.

மறுதரப்பில் நியாயம் எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே தேறினார்கள். எல்லாச் சோர்வும் லாங் கோவிட் அல்ல. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, காசநோய் ஆகியவற்றை முதலில் பார்த்தே ஆக வேண்டும். நோயை உறுதிசெய்யும் ஒற்றை ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை. மனச்சோர்வும் சேர்ந்து வரலாம். அதுவும் மருத்துவம் வேண்டிய நோயே. இவ்வளவும் உண்மை. ஆனால் கருவி கண்டுபிடிக்காததை நோயாளியின் பொய்யாகக் கணக்கு வைக்க இவற்றில் எதுவும் உரிமை தரவில்லை.

டாக்டர்களே, ‘எனக்குக் காரணம் தெரியவில்லை, ஆனால் உங்களை நம்புகிறேன்’ என்று சொல்லுங்கள். எழுப்பி நிறுத்தி நாடி பாருங்கள். முதலாளிகளே, உட்கார்ந்து செய்யும் வேலையும் இடைவேளையும் கொடுத்தால் அனுபவமுள்ள ஓர் ஆள் உங்களிடமே இருப்பார். அரசு, பெருந்தொற்றுக் காலத்தில் பேசிய பின்கவனிப்பை மாவட்ட மருத்துவமனைகளில் நிரந்தரமாக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று முடிந்ததாக அறிவித்தது அவசரநிலையை மட்டும்தான். உங்கள் வீட்டில் ஒருவர் ‘உடம்பு முன்ன மாதிரி இல்லை’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால், முதலில் அவரை நம்புங்கள். வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.