ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினைத் தொடாதீர்கள்

இந்தியத் திறன் பணியாளர்களுக்குத் தரும் விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024-இல் ஜெர்மனி அறிவித்தது. அன்று முதல் ஜெர்மன் மொழி வகுப்புகளுக்கு நல்ல காலம். இலக்கணம் சொல்லித் தருகிறார்கள். நேர்காணலுக்கும் தயார் செய்கிறார்கள். அங்கே அடுத்த வீட்டுக்காரரோடு எப்படிக் குடியிருப்பது என்பதுதான் விட்டுப்போகிறது.

வாரமெல்லாம் வேலை, ஞாயிறன்று சுவரில் துளை போட்டு அலமாரியை மாட்டலாம், சேர்ந்துபோன கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்று புதிதாகக் குடிபோனவர் நினைப்பார். சத்தம் எழும்புவதால் அங்கே இரண்டுமே தவறு. ஞாயிறு ஓய்வுநாள் என்பதை 1919-இல் ஜெர்மனியின் வைமார் அரசியல் சாசனம் எழுதிவைத்தது. 1949-இல் வந்த இன்றைய சாசனமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டு விழுவதும் அதனால்தான். பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும் இதே கண்டிப்பு உண்டு. மீறினால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதற்காக அவரைப் பகையாளியாக நினைக்க வேண்டியதில்லை. அங்கே பேச்சே அப்படித்தான்.

இதைவிடச் சிக்கலானது ஸ்வஸ்திகா. புதுமனை புகும்போது வாசலில் மஞ்சள் குங்குமத்தால் அதை வரைவது நம் வீடுகள் பலவற்றில் வழக்கம். ஆனால் நாஜிகளின் சின்னமும் கிட்டத்தட்ட இதே வடிவம்; நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டினால் ஜெர்மனியில் மூன்று ஆண்டு வரை சிறை. இந்து மதச் சின்னம் அந்தச் சட்டத்தின் குறி அல்ல என்பது உண்மைதான். ஆனால், ஹிட்லரின் கொடுமையைப் பாடமாகப் படித்து வளர்ந்தவர் கண்ணுக்கு முதலில் என்ன தெரியும்? பூஜை அறையோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இப்படிச் சொன்னால், நம் அடையாளத்தையே விடச் சொல்கிறீர்களா என்று சிலர் கோபப்படுவார்கள். ஜெர்மனியின் ஹாம் நகரத்து இலங்கைத் தமிழர்கள் எதையும் விடவில்லை. அகதிகளாகப் போன அவர்கள் குடியிருப்புப் பகுதியில் சிறிய இடத்தில் காமாட்சி அம்மனை வைத்துக் கும்பிட்டார்கள். திருவிழாக் கூட்டம் பெருகியதும் அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். சண்டைக்கு நிற்காமல் தொழிற்பேட்டைப் பகுதியில் நிலம் வாங்கிக் கோபுரத்தோடு கோயில் கட்டி, 2002-இல் குடமுழுக்கு நடத்தினார்கள். இன்று அங்கே தேர் இழுக்க ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். வேடிக்கை பார்க்க ஜெர்மானியர்களும் வருகிறார்கள்.

மொழி வகுப்பு நடத்துவோர் பாடத்திட்டத்தில் அக்கம்பக்கத்தாரோடு வாழும் முறைக்கென இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். போகிறவர்களும் வாடகை ஒப்பந்தத்தோடு வரும் வீட்டு விதிகளைக் கையெழுத்திடும் முன் வரி விடாமல் படிக்க வேண்டும்.