ஆன்ம வழிகாட்டி எதற்கு?

பைபிள் கையில் இருக்கிறது. ஜெபிக்கவும் தெரியும். பிறகு கடவுளுக்கும் நமக்கும் நடுவில் இன்னொரு மனிதர் எதற்கு? பல கிறிஸ்தவ இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது.

புனித இஞ்ஞாசியார் வாழ்க்கையில் இதற்குப் பதில் இருக்கிறது. 1521-ல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து மனம் மாறியவர் அவர். அடுத்த ஆண்டு ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கினார். தினமும் ஏழு மணி நேரம் ஜெபம். ஆனால் நிம்மதி இல்லை. பழைய பாவங்களை எல்லாம் அறிக்கையிட்ட பிறகும், ‘ஏதாவது விட்டுப்போயிருக்குமோ?’ என்ற சந்தேகம் அரித்தது. கடவுள் இரங்கும்வரை பட்டினி என்று முடிவு செய்து, ஒரு வாரம் எதுவும் உண்ணாமல், குடிக்காமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இதைக் கேட்ட குருவானவர், உடனே நிறுத்தச் சொன்னார். அவரும் கீழ்ப்படிந்தார்.

சந்தேகம் மூன்றாம் நாளே திரும்பி வந்தது, பிறகுதான் தீர்ந்தது. ஆனால் பக்தி என்று அவர் நினைத்தது அவரையே அழிக்கிறது என்பது இன்னொருவர் கண்ணுக்குத்தான் தெரிந்தது.

அப்படியென்றால் வழிகாட்டி சொல்வதெல்லாம் வேதவாக்கா? இல்லை. 1548-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் இஞ்ஞாசியாரே எல்லை போடுகிறார். பயிற்சி தருபவர் யாரையும் துறவறத்தின் பக்கம் தள்ளக் கூடாது, மறுபக்கமும் தள்ளக் கூடாது. தராசு முள் போல நடுவில் நிற்க வேண்டும். பேச வேண்டியவர் கடவுள்.

ஆபத்தில் ‘நிறுத்து’ என்று சொல்லும் துணிவு, மற்ற நேரத்தில் ஒதுங்கி நிற்கும் பணிவு. இரண்டும் உள்ளவர் கிடைத்தால் விடக் கூடாது. நமக்காக முடிவெடுக்கத் துடிப்பவர் வழிகாட்டியே அல்ல.