இரண்டு இருக்கை, நூறு குதிரைவலு

பழைய இரண்டு இருக்கை இலகு விமானங்கள் என்னும்போது, 1930களிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை பயிற்சிக்கும் தனியார் பறப்புக்குமாகக் கட்டப்பட்ட ஒற்றை எஞ்சின் விமானங்களே கருதப்படுகின்றன. அவற்றின் வெற்று எடை ஏறக்குறைய 350 முதல் 700 கிலோ. எஞ்சினின் வலு பெரும்பாலும் 65 முதல் 155 குதிரைவலு. விமானியின் கைக்கும் இறக்கையின் அசையும் பாகங்களுக்கும் இடையே கம்பிவடமும் கப்பியும் மட்டுமே உண்டு. டைகர் மொத், பைப்பர் கப், சிப்மங்க், செஸ்னா 150, அதன் தம்பியான 152, இந்தியாவில் பிறந்த எச்.டி-2, புஷ்பக் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் பல இன்றும் பறக்கின்றன. ஆகவே, அவற்றை எப்படிப் புதுப்பிப்பது என்பது பராமரிப்புப் பொறியியலாளரும் பயிற்றுநரும் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி.

இலங்கையின் ரத்மலானை விமான நிலையத்தின் வரலாறே இலகு விமானம் ஒன்றோடுதான் தொடங்குகிறது. 1935 நவம்பர் 27 அன்று ரத்மலானை ஓடுதளத்தில் முதன்முதலாக இறங்கியது, மதராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல்-பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மொத். அது மூன்று பேர் அமரக்கூடியதாயினும், மரமும் துணியும் உருக்குக் குழாயும் சேர்ந்த அதே தலைமுறைக் கைவேலைதான். 1951இல் அரச இலங்கை விமானப்படை தொடங்கியபோது அதன் முதல் விமானிகள் பயின்றது சிப்மங்க்கில். அந்த விமானத்தை வடிவமைத்தவர், போரினால் கனடாவுக்கு வந்து சேர்ந்த போலந்துப் பொறியியலாளர் யாக்கிமியூக். 1946 மே 22 அன்று டொரொன்டோவுக்கு அருகே அது முதலில் பறந்தது. கனடா, பிரித்தானியா, போர்த்துக்கல் ஆகிய மூன்று நாடுகளிலுமாக 1,283 கட்டப்பட்டன. சிப்மங்க்கை இன்று ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் அருகில் நின்று பார்க்கலாம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், குமிழ் போன்ற கண்ணாடி மூடி, வாலடியில் ஒரு சிறு சக்கரம்.

இந்தியாவின் பங்கும் சிறியதல்ல. வி. எம். காட்கேயின் தலைமையில் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் உருவாக்கிய எச்.டி-2, 1951 ஆகஸ்டில் பறந்தது. 1958 செப்டம்பர் 28 அன்று பறந்த புஷ்பக், அமெரிக்க ஏரோங்கா சீஃபை ஒத்த உயர்ந்த இறக்கை விமானம். மர இறக்கை, உருக்குக் குழாய்ச் சட்டகம், மேலே துணி, 90 குதிரைவலு கான்டினென்டல் எஞ்சின் என்று அமைந்த அது இந்திய விமானக் கழகங்களில் ஒரு தலைமுறையையே பறக்கப் பழக்கியது.

இவற்றின் கவர்ச்சிக்குப் பழமையின் மீதான ஏக்கம் ஒரு காரணம். அதைவிட உறுதியான காரணம் ஒன்றும் உண்டு. சிறு எஞ்சினும் இலேசான உடலும் கொண்ட விமானம், ஓட்டுபவரின் தவறை உடனே காட்டிக்கொடுக்கிறது. சுக்கான் மிதியை மறந்து திரும்பினால் மூக்கு எதிர்ப்புறம் சறுக்குவது இருக்கையிலேயே தெரியும். வால்சக்கர விமானம் தரையிறங்கிய பின்னும், நிற்கும்வரை கால்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பெரிய எஞ்சின் மறைத்துவிடும் பிழைகளை 100 குதிரைவலு மறைப்பதில்லை. பராமரிப்பவருக்கோ பெரும்பாலும் கண்ணும் கையும் கைவிளக்கும் போதும். வடம் எங்கே தேய்கிறது, தறையாணி எங்கே தளர்கிறது என்பதை மூடியைத் திறந்து பார்த்தே சொல்லிவிடலாம். செலவும் குறைவு. செஸ்னா 152 மணிக்கு ஏறக்குறைய 22 லீற்றர் எரிபொருளில் பறக்கும். செஸ்னா 150 மட்டும் 23,000க்கு மேல் கட்டப்பட்டதால் உதிரிப்பாகத்துக்கு இன்னும் வழி இருக்கிறது.

மெதுவாக இறங்குவது இன்னொரு கொடை. இறக்கை மடிப்புகளை முழுதும் இறக்கிய 152 ஏறக்குறைய 43 நொட் வேகம் வரை காற்றில் தாங்கும். அது மணிக்கு 80 கிலோமீற்றர், நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம். 60 நொட்டில் இறங்கும் விமானத்தோடு ஒப்பிட்டால், ஒரே எடைக்கு மோதலின் ஆற்றல் ஏறக்குறையப் பாதிதான். இலங்கையின் ஊவா மாகாணத்தில், மொனராகலைப் பக்கத்தில் எஞ்சின் நின்றால் வயலோ, புத்தள வட்டாரத்துக் கரும்புக் காணியோ கிடைக்கலாம். பதுளை, பண்டாரவளைத் தேயிலை மலைகளில் சமதளம் என்று சொல்ல பெரும்பாலும் தோட்டப் பாடசாலையின் விளையாட்டுத் திடல் ஒன்றே இருக்கும். அங்கே சரிவை நோக்கி மேல்முகமாக இறங்கும்போது, குறைகின்ற ஒவ்வொரு நொட்டும் உயிர்காப்பதாகும்.

ஊவா மாகாணம் இத்தகைய விமானத்தின் எல்லைகளைத் தெளிவாக அளந்து காட்டும் நிலம். மொனராகலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 மீற்றர் உயரம். 33 பாகை வெப்பமுள்ள பிற்பகலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி, நியம வளிமண்டலத்தில் 2,800 அடி உயரத்துக்குரியது. தியத்தலாவை ஏறக்குறைய 1,250 மீற்றர். 25 பாகை வெயிலில் அங்கே எஞ்சினும் இறக்கையும் உணர்வது 6,200 அடி. பறப்புக் கையேட்டில் கடல்மட்டத்துக்கென அச்சிட்ட எண்களை நம்பி இங்கே புறப்படுவது ஆபத்து.

வெல்லவாயவிலிருந்து அப்புத்தளையைக் கடக்க எண்ணும் 152ஐ எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 16 கிலோமீற்றர். உயர வேறுபாடு 4,000 அடிக்குச் சற்று மேல். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 715 அடி ஏறும் இந்த விமானம், இருவரோடும் நிறைந்த தொட்டியோடும் வெப்பமான நாளில் சராசரியாக 500 அடி ஏறினாலே நல்லது. 70 நொட்டில் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஏழரை நிமிடம் ஆகும். அதற்குள் கிடைப்பது ஏறக்குறைய 3,700 அடி. மலைமுகடு அதற்கும் மேலே நிற்கிறது. ஆகவே சமவெளியின் மேலேயே வட்டமிட்டு உயரம் சேர்த்த பிறகுதான் மலையை நோக்கித் திரும்ப வேண்டும். முகட்டை நேராக அணுகாமல் சாய்கோணத்தில் அணுகினால், ஏற முடியாதென்று தெரிந்த கணத்தில் சமவெளிப் பக்கம் திரும்பிவிடலாம்.

காற்றும் ஒரு பங்காளி. தென்மேற்குப் பருவத்தில் ஈரத்தை மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு மலை தாண்டும் காற்று, ஊவாப் பள்ளத்தில் வறண்டு இறங்கிக் கச்சான் காற்றாகக் கிழக்கே போகிறது. ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் அதே காற்று, மலைக்குப் பின்புறம் பறக்கும் 100 குதிரைவலு விமானத்தைக் கீழே அழுத்தும். இறங்கும் காற்று நிமிடத்துக்கு 500 அடி என்றால் மேலே கணக்கிட்ட ஏற்றம் முழுதும் அதற்கே போய்விடும். 2020 ஜனவரி 3 அன்று வீரவிலவிலிருந்து புறப்பட்ட விமானப்படையின் வை-12 விமானம் அப்புத்தளைப் பகுதியில் வீழ்ந்து நால்வர் உயிரிழந்தனர். அது வேறு வகையான, இரட்டை எஞ்சின் விமானம். என்றாலும் அந்தச் சரிவுகளின் மேல் பறக்கத் திட்டமிடும் எவரும் அந்த நாளை மறக்கலாகாது.

புதுப்பித்தலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மாற்றம் எத்தனை கிலோ என்பது. 152இன் உச்சப் புறப்பாட்டு எடை 757 கிலோ. கருவிகள் பொருத்திய வெற்று எடை 510 கிலோ என்று வைத்தால் மிஞ்சுவது 247. பயன்படத்தக்க எரிபொருள் முழுதும் ஏற்றினால் 67 கிலோ போய், இருவருக்கும் அவர்களின் பைக்குமாக 180 கிலோ இருக்கும். இதில் புதிய திரையும் மெத்தையும் கூடுதல் மின்கலமும் சேர்ந்து 15 கிலோ கூடினால், ஏறக்குறைய ஒரு மணி நேர எரிபொருளை இறக்கியாக வேண்டும். அழகுக்காகச் சேர்க்கும் கிலோ, மலைநாட்டில் திரும்பிவரும் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

எடை கூட்டாத வேலையே மிகுந்த பயன் தருகிறது. அது உடலைத் திறந்து பார்ப்பது. ரத்மலானை கடலோரம். உப்புக் காற்று பட்டு வளர்ந்த விமானத்தில் அரிப்பு, வண்ணத்துக்கு அடியில், இறக்கைத் தாங்கியின் முனையில், தரைத் தகட்டின் கீழே ஒளிந்திருக்கும். 100 வரிசை விமானங்களுக்கென செஸ்னா பின்னாளில் வெளியிட்ட துணைப் பரிசோதனை ஆவணங்கள் இதற்காகவே. இருக்கைத் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்தால், புறப்படும் வேளையில் விமானியின் இருக்கை பின்னோக்கி வழுக்கி, கை தானாகவே கட்டுப்பாட்டை இழுத்துவிடும். 150, 152 ஆகியவற்றின் சுக்கான் எல்லையைத் தாண்டிச் சிக்கி, சுழன்று விழும் ஸ்பின்னிலிருந்து மீளமுடியாமல் நடந்த விபத்துகளின் பின், 2009இல் அமெரிக்க அதிகாரிகள் சுக்கான் தடுப்பை மாற்றவோ ஸ்பின் பயிற்சியைத் தடைசெய்யும் அறிவிப்புப் பலகை பொருத்தவோ ஆணையிட்டனர். அந்தத் தடுப்பு சில நூறு கிராம் கூட வராது. ஆனால் ஸ்பின் கற்பிக்கும் பயிற்றுநருக்கு அதைவிடப் பெறுமதியான நவீனமாக்கல் இல்லை. புஷ்பக் போன்ற மர இறக்கையில் பார்க்க வேண்டியவை பசையும் ஈரமும். ஊவாவின் அடைமழையில் வெளியே நிறுத்தப்படும் மர இறக்கை நீண்டநாள் தாங்காது. அதற்கு முதல் நவீன வசதி ஒரு கூரை.

தோள்பட்டை வார் அடுத்தது. அமெரிக்காவில் 1978 ஜூலைக்குப் பின் கட்டப்பட்ட சிறு விமானங்களின் முன்னிருக்கைகளுக்கு அது கட்டாயமானது. அதற்கு முந்திய பலவற்றில் இடுப்பு வார் மட்டுமே உண்டு. மெதுவாக இறங்கும் விமானத்தின் பயனை முழுமையாக்குவது இந்த வார்தான். மெதுவான மோதலிலும் முகம் கருவிப்பலகையில் அடிபட்டால் 43 நொட் என்ற கணக்குக்குப் பொருளில்லை.

எஞ்சினிலும் எரிபொருளிலும் கதை சிக்கலானது. செஸ்னா 150இன் ஓ-200 எஞ்சின் குறைந்த ஒக்டேன் எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டது. இன்று கிடைக்கும் 100 ஒக்டேன் பெற்றோலில் உள்ள ஈயம் தீப்பொறிச் செருகியில் கட்டியாகப் படிகிறது. அந்த ஈயச் சேர்மத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 மே 1 முதல் சிறப்பு அனுமதி தேவைப்படுகிறது. ஈயமற்ற 100 ஒக்டேன் பெற்றோலுக்கு அமெரிக்க அதிகாரிகள் 2022இல் ஒப்புதல் தந்தனர். எனினும், எத்தனோல் கலந்த வாகன பெற்றோலை ஒப்புதல் இல்லாமல் பழைய தொட்டியில் ஊற்றுவது இறப்பரையும் பசையையும் கெடுக்கும். மலைநாட்டு ஈரப்பதத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பண்டாரவளையின் பனிமூட்டக் காலையில், 10 முதல் 25 பாகைக்குள், எஞ்சின் வலுவைக் குறைத்து இறங்கும்போது காபரேட்டரில் பனிக்கட்டி படிவது எளிது. கான்டினென்டல் எஞ்சின்களில் இந்தப் பழக்கம் அதிகம். சூடான காற்றைத் திறக்கும் இழுபிடியின் வடமும் மூடியும் முழுதாக வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்க்க வேண்டும்.

எஞ்சினையே மாற்றுவது பெரிய முடிவு. போர்த்துக்கல் விமானப்படை தன் சிப்மங்க் சிலவற்றின் பழைய எஞ்சினான ஜிப்சி மேஜரை எடுத்துவிட்டு 180 குதிரைவலு லைகமிங் பொருத்தி, கிளைடர் இழுக்கப் பயன்படுத்தியது. ஏற்றம் மிகுந்தது, உதிரிப்பாகமும் எளிதானது. ஜிப்சியும் லைகமிங்கும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால், புறப்படும்போது விமானம் இழுக்கும் பக்கமும் மாறியது. வலப்பக்க இழுப்புக்குப் பழகிய கால் இடப்பக்கம் கற்க வேண்டும். எஞ்சினை மாற்றிய பின் விமானியையும் மீண்டும் பயிற்றாத வேலை பாதி வேலைதான்.

கருவிப்பலகையில் பெரும் பயன் தருவது, அவசரக் குறிகாட்டியை 406 மெகாஹெர்ட்ஸ் வகைக்கு மாற்றுவது. பழைய 121.5 அலைவரிசையைச் செய்மதிகள் 2009 பெப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. அந்தப் பழைய பெட்டி மட்டும் உள்ள விமானம் காட்டுக்குள் விழுந்தால், அருகில் பறக்கும் விமானம் ஏதாவது கேட்டால்தான் உண்டு. அடுத்து நல்ல வானொலி, உயரம் அறிவிக்கும் டிரான்ஸ்பொண்டர். காற்றழுத்தக் கைரோக்களையும் வெற்றிடப் பம்பையும் அகற்றி மின்னணுக் கருவி வைப்பது வரவேற்கத்தக்கது. அது எடையைக் குறைத்து, பழுதாகும் பாகம் ஒன்றையும் நீக்குகிறது. வண்ணத் திரைகளை வரிசையாக அடுக்குவது கடைசியாக வரட்டும். பார்வைப் பறப்புக்கான விமானத்தில் விமானி பார்க்க வேண்டியது வெளியே நமுனுகுல மலையின் மேல் மேகம் எங்கே இறங்குகிறது என்பதை.

பழைய வடிவத்தைப் புதிய பொருளில் மீண்டும் கட்டுவது இன்னொரு பாதை. 1938இல் அறிமுகமான ஜே-3 கப் பிற்காலத்தில் 65 குதிரைவலுவில் பறந்தது. அதே தோற்றத்தில் இன்று அமெரிக்காவில் கட்டப்படும் கார்பன் கப், 600 கிலோ வரம்புக்குள் 180 குதிரைவலு எஞ்சினைத் தாங்குகிறது. இந்தியாவில் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகங்களின் ஹன்சா 1993 நவம்பர் 17 அன்று முதலில் பறந்தது. அதன் புதிய தலைமுறை வடிவம் கூட்டுப்பொருள் உடலும் எரிபொருள் உட்செலுத்தும் ரோட்டக்ஸ் 912 எஞ்சினும் கொண்டு 2021 செப்டம்பர் 3 அன்று பறந்தது. காபரேட்டரே இல்லாததால் மேலே சொன்ன பனிச் சிக்கலும் அதற்கில்லை. இலங்கையில் இலேசான பறப்பின் மீது உண்மையான காதல் கொண்டிருந்தவர் பொறியியலாளர் ரே விஜேவர்தன. 2010இல் மறைந்த அவர் தம் கையாலேயே இலகு விமானங்களைக் கட்டிப் பறந்தவர். 

எந்த மாற்றமும் இலங்கையின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை ஏற்கும் வடிவ ஒப்புதலோடு செய்யப்பட்டு, பதிவேட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் விமானத்தைத் தராசில் ஏற்றி நிறுப்பதே சரி. நாற்பது ஆண்டுப் பழைய எடைத்தாளில் கூட்டிக் கழித்துப் பெறும் எண், உண்மை எடையிலிருந்து பல கிலோ விலகியிருக்கக்கூடும். புதிய எடையையும் ஈர்ப்பு மையத்தையும் கொண்டு ஏற்ற அட்டவணையைத் திருத்தி எழுதி, அதன் பிரதியை விமானத்துக்குள்ளேயே வைத்த பின்புதான் வேலை முடிந்ததாகக் கையொப்பம் இட வேண்டும்.