நோவாவின் ஏழு கட்டளையும் திருவக்கரைக் கல்மரமும்



சாமி, புராணம், திருவிழா, சாதி ஆகிய இவைகளை நாம் கண்டிப்பது சரியே என்றும், ஆனால் இவைகளையெல்லாம் விட்டுவிட்டால் மனிதனுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்றும், ஆகையால் யூதர்களுடைய நூலில் உலக மக்கள் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கின்ற “நோவாவின் ஏழு கட்டளை”களை மாத்திரம் ஏற்றுக் கொண்டு, கோயிலும் குருக்களும் இல்லாமல், மதச் சார்பற்ற சர்க்காரின் கீழ் யோக்கியமாய் வாழலாமே என்றும் ஒரு நண்பர் நம்மிடம் வாதம் செய்தார். அவர் படித்தவர், நல்லெண்ணத்துடனேயே கேட்டார். ஆகவே அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகின்றோம்.

முதலாவது அந்த ஏழும் எவை என்று பார்ப்போம். விக்கிரகத்தை வணங்காதே, கடவுளை நிந்திக்காதே, கொலை செய்யாதே, தகாத புணர்ச்சி கூடாது, திருடாதே, உயிரோடிருக்கும் பிராணியின் உடம்பிலிருந்து அறுத்துத் தின்னாதே, நியாயஸ்தலங்களை ஏற்படுத்து. இவ்வளவுதான். யூதனுக்கு 613 கட்டளை. யூதனல்லாதவனுக்கு இந்த ஏழு போதும் என்பது தால்முத்து என்னும் அவர்களது நூலின் தீர்ப்பு. அமெரிக்காவில் 1991ம் வருஷத்தில் காங்கிரஸ் சபையே இந்த ஏழையும் பெயர் சொல்லிப் புகழ்ந்து ஒரு தீர்மானம் செய்து, ஜனாதிபதியும் அதில் கையெழுத்திட்டார். ஆகவே இது எங்கோ மூலையில் கிடக்கும் சங்கதியென்று தள்ளிவிடுவதற்கில்லை.

ஜலப்பிரளயம் வந்து உலகமெல்லாம் அழிந்ததாம்; நோவா என்னும் ஒரு கிழவன் குடும்பம் மாத்திரம் பெட்டகத்தில் ஏறித் தப்பியதாம்; நாமெல்லோரும் அவன் சந்ததியாம்; அதனால் அவனுக்குச் சொன்னது நமக்கும் சட்டமாம். அப்படியானால் சட்டத்தின் அஸ்திவாரமே அந்த வெள்ளம்தான். வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமது ஜில்லாவில் திருவக்கரையைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

வானூர் தாலூக்கா திருவக்கரையில், வக்கிரகாளி கோயிலுக்குச் சமீபத்திலேயே கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கின்றன. 1781லேயே சொன்னராத் என்னும் பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதி வைத்தார். இப்போது இந்திய மண்ணியல் ஆய்வு இலாகா வேலி போட்டுக் காக்கின்றது. சில மரங்கள் ஐம்பது அடி நீளத்துக்குக்கூட இருக்கின்றன. ஊரில் கேட்டால், அசுரனைச் சம்ஹாரம் செய்தபோது சிதறிய எலும்பு என்று சொல்லுகின்றவர்களும் உண்டு. இவைகளுக்குக் கிளையில்லை, வேரில்லை, இலையில்லை. எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. காரணம், வேறெங்கோ வளர்ந்த மரங்களை ஆற்று வெள்ளம் அடித்துக் கொண்டு வந்து மணலில் புதைத்துவிட்டது. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் அணுவணுவாகப் புகுந்து அதைக் கல்லாக்கிவிட்டது. இது நடந்து சுமார் 2 கோடி வருஷம் ஆகின்றது. அக்காலத்தில் மனிதனே கிடையாது. நோவா ஏது, பெட்டகம் ஏது?

ஆகவே வெள்ளம் வந்தது வாஸ்தவம். ஆனால் அது எவனுடைய பாவத்துக்காகவும் வரவில்லை. அயர்லாந்து தேசத்துப் பிஷப்பு அஷர் என்பவர் வேத புஸ்தகத்தைக் கொண்டு கணக்குப் போட்டு, உலகம் உண்டானதே கி.மு. 4004ல் என்றும், பிரளயம் கி.மு. 2348ல் என்றும் சொன்னார். திருவக்கரையிலுள்ள ஒரு கட்டையை அவர் கண்ணால் பார்த்திருந்தால் அந்தக் கணக்கை என்ன செய்திருப்பாரோ!

நமது வைதீகர்கள் சும்மாயிருப்பார்களா? அவர்களுக்கும் ஒரு வெள்ளம் உண்டு. பாகவதத்தில் சத்தியவிரதன் என்னும் திராவிட தேசத்து அரசன் கையில் ஒரு மீன் வந்து விழுந்து, பிரளயம் வரப்போகின்றதென்று சொல்லி, அவனை ஓடத்தில் ஏற்றிக் காப்பாற்றியதாம். அந்த அரசனே பிறகு மனுவானானாம். (சட்டம் செய்த மனு இவனல்ல, வேறொரு மனு என்று பண்டிதர்கள் சண்டைக்கு வருவார்கள். எந்த மனுவானாலும் நமக்கு ஒன்றுதான்.) ஓடத்தில் ஏறினவன் திராவிடன், ஓடத்திலிருந்து இறங்கிய பிறகு அவன் நாட்டு மக்களுக்குக் கிடைத்த பட்டமோ சூத்திரன். அந்த மீன் செய்த உபகாரம் இவ்வளவுதான்!

போகட்டும், கதை பொய்யானாலும் கட்டளை நல்லதல்லவா என்று நண்பர் கேட்கலாம். கட்டளைகளையே பார்ப்போம். கொலை கூடாது, திருட்டுக் கூடாது, நியாயஸ்தலம் வேண்டும் என்பவைகளை நோவாவையே கேள்விப்படாத எல்லா தேசத்தாரும் வைத்திருக்கின்றார்கள். மனிதர்கள் கூடி வாழ வேண்டுமானால் அவை இல்லாமல் முடியாது. உயிரோடிருக்கும் பிராணியை அறுத்துத் தின்னாதே என்பது நல்ல இரக்கம். நாமும் ஒப்புக் கொள்ளுகின்றோம். அதற்குக் காரணம் அந்தப் பிராணிக்கு வலிக்கும் என்பதே. வலி என்கின்ற காரணம் போதாதா? மலைமேல் இருந்து ஒருவன் உத்தரவிட வேண்டுமா?

இங்கேதான் விஷயம் இருக்கின்றது. 12ம் நூற்றாண்டில் மைமோனிடஸ் என்னும் மகா பண்டிதர், இந்த ஏழையும் கடவுள் கட்டளையென்று நம்பிச் செய்கின்றவனே புறமதத்தாரில் பக்திமான் என்றும், தன் புத்தியால் யோசித்து இவைகளைச் செய்கின்றவன் அந்த வரிசையில் சேர்ந்தவனல்ல என்றும் தீர்ப்பெழுதிவிட்டார். அதாவது, திருடக்கூடாது, அயலான் வயிறெரியும் என்று எண்ணித் திருடாதவனுக்குப் பக்திமான் என்னும் பெயர் இல்லை. மேலே ஒருவன் பார்க்கின்றான் என்று நம்பித் திருடாதவனுக்கு உண்டு. இதைப் படித்து யூதர்களிலேயே அறிவாளியான மோசஸ் மெண்டல்சன் என்பவர் 1773ல் மனம் வருந்தி ஒரு ரப்பிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அவர் மனச்சாட்சிக்குப் பொறுக்காதது நமது நண்பருக்கு எப்படிப் பொறுக்கின்றதென்று தெரியவில்லை. இரண்டு பேரில் எவனிடம் உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர் போவீர்கள் என்று வாசகர்களே சொல்லட்டும்.

மற்றொன்று, விக்கிரகத்தை வணங்காதே என்பது. நாமும் விக்கிரகத்துக்கு விரோதிகளே. ஆனால் அந்த நூலின்படி இந்த ஏழில் ஒன்றை மீறினாலும் தண்டனை மரணம். இன்றைக்கு எந்த யூத நியாயஸ்தலமும் அப்படிச் செய்வதில்லை என்பது உண்மையே. எழுதி வைத்திருப்பதைச் சொல்லுகின்றோம். பௌர்ணமிதோறும் வக்கிரகாளிக்கு முன் நடுராத்திரி வரையில் காத்துக் கிடக்கும் ஜனங்கள், கூலி வேலை செய்து பஸ்ஸுக்குக் காசு சேர்த்துக் கொண்டு வந்த ஏழைப் பெண்கள், இவர்கள் செய்வது மூடத்தனம் என்று நாம் ஆயிரம் தடவை சொல்லுவோம். சொல்லி, அவர்களிடம் திட்டும் வாங்கிக் கொள்ளுவோம். ஆனால் அவர்கள் உயிருக்கு உலை வைக்கும் ஒரு சட்டத்தை ஒழுக்கம் என்று கூப்பிட நம்மால் ஆகாது. மதச் சார்பற்ற சர்க்கார் என்பது இருப்பதால்தான் காளி பக்தனும், நோவா பக்தனும், இரண்டு பேரையும் கேலி செய்கின்ற நாமும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து பேச முடிகின்றது.

யூதனல்லாதவன் தோரா வேதத்தைப் படித்தால் மரணத்துக்குப் பாத்திரன் என்று அதே தால்முத்தில் ஒரு ரப்பி சொல்லியிருக்கின்றார். அதே இடத்தில், படிக்கின்றவன் யாரானாலும் பிரதான ஆசாரியனுக்குச் சமம் என்று ரப்பி மெயிர் சொல்லியிருப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன நமது தர்ம சாஸ்திரக்காரர்களுக்குள் ஒரு மெயிர் இருந்திருந்தாலாவது தேவலை.

இந்த ஏழில் எது இல்லை என்பதையும் நண்பர் கவனிக்கட்டும். மனிதனை மனிதன் தாழ்த்தாதே என்பது இல்லை. அடிமை வைக்காதே என்பதும் இல்லை. எப்படியிருக்கும்? நோவாவே குடித்துவிட்டு ஆடையில்லாமல் கிடந்து, எழுந்ததும் தன் பேரன் கானானை அடிமைகளுக்கு அடிமையாகப் போகும்படிச் சபித்தவர்தானே! அந்தச் சாபத்தைக் காட்டித்தான் அமெரிக்காவில் நீக்ரோக்களை அடிமை வைத்திருந்த பாதிரிகளும் தோட்ட முதலாளிகளும் நியாயம் பேசினார்கள்.

தூரத்துக்குப் போவானேன்? கொச்சியில் 1568ல் கட்டிய பரதேசி யூதர் கோயில் இருக்கின்றது. அங்கே ஏழல்ல, 613ம் இருந்தது. இருந்தும், விடுதலையான அடிமைகளின் சந்ததியார் என்று சொல்லப்பட்ட சொந்த யூதர்களையே உள்ளே சமமாக உட்காரவிடாமல் வாசற்பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அவர்களில் பிறந்த ஏ. பி. சேலம் என்னும் வக்கீல் கோயிலுக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அந்த அநியாயத்தை எதிர்க்க வேண்டியதாயிற்று. சாதி என்னும் விஷம் இந்த மண்ணில் யூதனையும் விடவில்லை. அதற்கு மாற்று மருந்து மோசேயிடமும் இல்லை.

நமது விழுப்புரம் ஜில்லாவுக்கு வருவோம். மேல்பாதி கிராமத்துத் திரௌபதியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிடர் போகக்கூடாதென்று தகராறு நடந்து, 2023 ஜூன் மாதத்தில் சர்க்கார் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தடுத்தவர்களும் கடவுள் பக்தர்கள், போகவந்தவர்களும் பக்தர்கள். தெய்வ பயம் இரண்டு பக்கமும் வேண்டியமட்டும் இருந்தது. அந்தப் பயம் ஒருவனுடைய மனதையாவது திருப்பியதா? கோயிலில் எல்லாச் சாதியாரும் நுழையலாம் என்று சென்னை மாகாணச் சட்டசபை 1947லேயே சட்டம் செய்தது. 1950ல் அரசியல் சட்டத்தின் 17வது ஷரத்து தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லிற்று. இவை எந்த மலையிலிருந்தும் இறங்கி வரவில்லை. மனிதர்கள் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, ஓட்டெடுத்துச் செய்தவை. உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் 2025 ஏப்ரலில் அந்த ஆதிதிராவிட மக்கள் உள்ளே போனார்கள். அதுவும் போலீஸ் காவலோடு.

நியாயஸ்தலத்தை ஏற்படுத்து என்கின்ற ஏழாவது கட்டளை ஒன்றைத்தான் நாம் முழு மனதுடன் வரவேற்கின்றோம். அதைச் சொன்னவன் கடவுள் என்று ஒப்புக் கொள்ள வேண்டுமென்பதை மாத்திரம் தள்ளிவிடுகின்றோம்.

நண்பர் அடுத்த பௌர்ணமிக்குத் திருவக்கரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றார். தாராளமாய் வரட்டும். பகலில் கல்மரத்தையும் இராத்திரி கூட்டத்தையும் பார்த்துவிட்டு, மறுநாள் மேல்பாதிக்குப் போய், அந்தப் பூட்டைத் திறந்தது எந்தக் கட்டளை என்று அவ்வூராரையே கேட்டு வந்து நமக்கு எழுதட்டும். அதையும் இந்தப் பத்திரிகையிலேயே பிரசுரிக்கின்றோம்.