மூளை ஒத்துப்போனால்தான் பாசமா?

பெற்றோர் மூளையும் பிள்ளை மூளையும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் பாசம் வேரூன்றும், ஒத்திசைவு கூடக்கூடப் பிணைப்பும் இறுகும் என்ற கருத்து இன்று குழந்தை வளர்ப்புப் பேச்சில் வேதவாக்காகிவிட்டது. அதிலிருந்து இரண்டு கிளைகளும் முளைத்திருக்கின்றன. பெற்றோர் ஒரு கணமும் கவனம் சிதறக் கூடாது என்பது ஒன்று. அந்தப் பிணைப்பைத் தாய் மட்டுமே தர முடியும் என்பது இன்னொன்று. மூன்றுக்கும் சான்றுகளின் முன் நிற்க வலுவில்லை.

முதலில், அளக்கப்படுவது என்ன? தொப்பிபோல் தலையில் மாட்டும் கருவி அண்மை அகச்சிவப்பு ஒளியை உள்ளே செலுத்தி, மூளையின் மேற்பரப்பில் இரத்த ஆக்சிஜன் ஏறி இறங்குவதைப் பதிவுசெய்கிறது. இருவரின் கோடுகளும் சேர்ந்து ஏறி இறங்கினால் அதுவே ஒத்திசைவு. ஆடிக்கிருத்திகையன்று திருத்தணியில் காவடியோடு 365 படி ஏறும், முன்பின் அறியாத இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். காதில் விழும் மேளமும் ஒன்று, காலடியில் இருக்கும் படியும் ஒன்று, வாயில் எழும் 'அரோகரா'வும் ஒன்று. அவர்களின் கோடுகளும் ஓரளவு ஒத்துப்போகக்கூடும். அதைப் பாசம் என்போமா? அந்நியரோடு வராத ஒத்திசைவு பெற்றோரோடு வருகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜெர்மனியில் வனேசா ரைண்டல் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரும் பிள்ளையும் கூடி விளையாடியபோது ஒத்திசைவு எழுந்தது. போட்டியிட்டபோதும், அந்நியரோடு ஆடியபோதும் எழவில்லை. ஆக, ஒத்திசைவு பொய்யல்ல. ஆனால் அது இருக்கிறது என்பது வேறு, கூடக்கூட நல்லது என்பது வேறு.

அந்த இரண்டாவது கூற்றைத்தான் 2024இல் வந்த ஆய்வு அசைத்தது. திரின் நுயென், பாஸ்கல் விர்டிச்கா உள்ளிட்டோர் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் 140 இணைகளாக ஆராய்ந்தார்கள். பாதுகாப்பான பிணைப்பு இல்லாத தாய்மாரிடம்தான் ஒத்திசைவு கூடுதலாக இருந்தது. தந்தையரிடம் நடத்தைப் பொருத்தம் குறைவு, மூளைப் பொருத்தமோ அதிகம். இயல்பாக ஒட்டாத இடத்தில் மூளை கூடுதலாக உழைக்கிறது போலும். ஜாஃபே, பீபி குழுவினர் 2001இல், நான்கு மாதக் குழந்தையும் தாயும் மாறி மாறி எழுப்பும் குரல்களின் தாளத்தை அளந்தபோதும், நடுத்தரமான ஒத்திசைவே பிற்காலப் பாதுகாப்பான பிணைப்போடு சேர்ந்து வந்தது. மிதமிஞ்சிய ஒத்திசைவு பதற்றத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்.

இடைவிடாத கவனம் என்ற வாதமும் இப்படித்தான். உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் கணக்கில், நலமான தாயும் குழந்தையும்கூடச் சுமார் 30 விழுக்காடு நேரமே பொருந்தியிருக்கிறார்கள். மீதி நேரம் விலகுவதும் சரிசெய்துகொள்வதும்தான். அப்படியானால் பிள்ளை அழ அழக் கைப்பேசியில் மூழ்கலாமா? கூடாது. 1978இல் ட்ரோனிக் வெளியிட்ட சோதனையில், தாயின் முகம் சில நிமிடம் சலனமற்றுப் போனதுமே குழந்தை சிரித்தும் கையசைத்தும் அழைத்துப் பார்த்து, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலகல் அல்ல, திரும்பி வராத விலகல்தான் கேடு.

கடைசியாக, தாய் மட்டுமே என்ற கூற்று. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த் 1954-55இல் உகாண்டாவில் கவனித்த குழந்தைகளில் பலர் தாயைத் தவிரப் பிறரோடும் பிணைந்திருந்தார்கள். பின்னர் அவர் வகுத்த புகழ்பெற்ற சோதனையிலும், முக்கியமாகப் பார்க்கப்படுவது தாயோடு குழந்தை ஒத்துப்போகும் நேரமல்ல. பிரிந்த தாய் திரும்பி வந்ததும் அது எப்படி ஆறுதல் அடைகிறது என்பதே. 1960 வரை ஆந்திரத்தோடு இருந்த திருத்தணிப் பக்கத்தில், அவ்வா (பாட்டி) தெலுங்கில் கொஞ்ச அம்மா தமிழில் அதட்டும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு ஆறுதல் இரண்டு மொழிகளில் கிடைக்கிறது. மலைமேல் மொட்டை போடும் இடத்தைப் பாருங்கள். தாய்மாமன் மடியில் குழந்தை. கத்தி தலையைத் தொட்டதும் வீறிடுகிறது. மாமன் அசையாமல் இறுக்கிப் பிடிக்கிறார், எதிரே அம்மா கைதட்டிப் பராக்குக் காட்டுகிறாள். அந்த நேரத்தில் மூவர் மூளையும் மூன்று திசையில் இருக்கும். ஈரத் தலையில் சந்தனம் அப்பி, தோளில் சாய்த்ததும் விம்மல் தணிகிறதே, அதைப் பதிவுசெய்யத் தொப்பி தேவையில்லை.