வக்கீல் கோட்டைக் கழற்றலாம். போன பணம் திரும்புமா?

கட்சிக்காரரை ஏமாற்றிய வக்கீலின் பெயரைப் பட்டியலில் இருந்தே நீக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஏமாந்தவரின் பணத்துக்கு யார் பொறுப்பு?

கடன் கொடுத்துவிட்டுப் புரோநோட்டோடு அலையும் வியாபாரி, வீட்டு வழக்கில் சிக்கிய குமாஸ்தா என யாராக இருந்தாலும் ஒருநாள் வக்கீல் ஆபீஸ் படி ஏற வேண்டியதுதான். நூற்றுக்கு நூறு நம்பித்தான் வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.

முதியவர் ஏமாந்தார்

தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1978-ல் தீர்ப்பானது. அதன் விவரம் வருமாறு:-

காது கேளாத 70 வயது முதியவர் ஒருவர். அவரிடம் ரூ.15 ஆயிரத்துக்கு ஒன்று, ரூ.5 ஆயிரத்துக்கு ஒன்று என 2 புரோநோட்டுகள் இருந்தன. செலவுப் பணத்தோடு அவற்றை வக்கீலிடம் ஒப்படைத்தார்.

புரோநோட்டுக்கு ஆயுசு 3 ஆண்டுதான். அதற்குள் தாவா போட வேண்டும். வக்கீல் போடவில்லை. ஆனால் போட்டாச்சு என்றார். வாய்தா தேதிகூடச் சொன்னார். கடைசியில் டிகிரியே ஆகிவிட்டது என்றார். அத்தனையும் பொய்! நோட்டுகள் காலாவதியாகிவிட்டன.

மாநில பார் கவுன்சில் அவருக்கு 6 ஆண்டு தடை விதித்தது. அப்பீலில் இந்திய பார் கவுன்சில் அதை 1 ஆண்டாகக் குறைத்தது. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதையும் மாற்றினார். ஏழைகளுக்கு ஓராண்டு இலவச சட்ட உதவி செய்ய வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு ரூ.2,500 கொடுக்க வேண்டும் என்றார். உடன் இருந்த நீதிபதி ஏ.பி.சென் இந்தச் சலுகையை ஏற்கவில்லை.

நோட்டுத் தொகை ரூ.20 ஆயிரம். கொடுக்கச் சொன்னது ரூ.2,500. அதுவும் அபூர்வம்!

சட்டம் என்ன சொல்கிறது?

1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் 35-வது பிரிவில், கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்குத் தடை, பட்டியலில் இருந்து பெயர் நீக்கம் என்று 3 தண்டனைகள்தான் உண்டு. நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை.

விசாரிக்கும் கமிட்டியில் 3 பேர். மூவருமே வக்கீல்கள். ஓராண்டுக்குள் புகாரை முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். தீர்ப்புக்குப் பிறகு அங்கே அப்பீல், பிறகு சுப்ரீம் கோர்ட்டு.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். அந்தக் கதவும் சாத்தியாச்சு. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 மே 14-ந்தேதி தீர்ப்பளித்துவிட்டது.

மிச்சம் இருப்பது சிவில் வழக்கு. கவனக்குறைவுக்காக வக்கீல் மீது நஷ்டஈடு கேட்க 1926-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு இன்னொரு வக்கீல், இன்னொரு கோர்ட்டுக் கட்டணம், இன்னும் பல வருஷம் வேண்டும். ஏற்கனவே நொந்தவன் எத்தனை தடவை படி ஏறுவான்?

இரண்டு பக்கமும் பாருங்கள்

வழக்குத் தோற்றதெல்லாம் வக்கீல் குற்றம் ஆகாது. தோற்ற கோபத்தில் பொய்ப் புகார் கொடுப்பவர்களும் உண்டு. அதனால் பார் கவுன்சில் பலமான ஆதாரம் கேட்பது நியாயமே. ஆனால் மோசடி நிரூபணமான பிறகாவது, தண்டனையோடு நஷ்டஈட்டுக்கும் அந்தக் கமிட்டியே உத்தரவு போட அதிகாரம் வேண்டும். 35-வது பிரிவில் இதைச் சேர்த்தால் போதும்.

அது வரும்வரை நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். பீஸ் கொடுத்தால் ரசீது கேளுங்கள். வழக்கு எண்ணை வாங்கி, அடுத்த வாய்தா எப்போது என்று செல்போனிலேயே கோர்ட்டு இணையதளத்தில் பார்க்கலாம். பீஸ் பாக்கி என்று சொல்லி வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக்கூடாது என 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

எண்ணைக் கேட்டால் நல்ல வக்கீல் கோபிக்கமாட்டார். கோபித்தால் அன்றைக்கே விசாரித்துவிடுங்கள். மூணு வருஷம் கழித்து விசாரித்துப் பயன் இல்லை.