கிண்ணம் வரும் முன்னே வேலை போனது

ஒரு நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது, ஆட்களைக் குறைக்கிறது. மனம் ஒப்பாவிட்டாலும் அந்தக் கணக்கு நமக்குப் புரிகிறது. ஆனால் வெற்றியின் உச்சியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனம், பாதி வழியில் தன் ஆட்களை இறக்கிவிட்டுப் போனால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

2017 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அதுதான் நடந்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் என்ற பேஸ்பால் குழு, அந்தப் பருவத்தில் தன் பிரிவில் யாரும் நெருங்க முடியாத முன்னிலையில் இருந்தது. அந்த நேரத்தில்தான், வீரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட்களில் 8 பேர் வேலையிலிருந்து விலக்கப்பட்ட செய்தி வெளியானது. இது செலவுக் குறைப்பு அல்ல, மறுசீரமைப்பு என்றது நிர்வாகம். மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. நவம்பர் 1ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் டோட்ஜர்ஸ் குழுவை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தி, ஆஸ்ட்ரோஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக 'வேர்ல்ட் சீரிஸ்' கிண்ணத்தைக் கைப்பற்றியது.

நம்மில் பெரும்பாலோருக்குப் பேஸ்பால் தூரத்து விளையாட்டு. காற்பந்தும் பூப்பந்தும் தெரிந்த அளவுக்கு அது தெரியாது. ஆனால் தரவு, மறுசீரமைப்பு, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை போன்ற சொற்கள் தூரத்தில் இல்லை. அதனால்தான் இந்த வாரம் அந்தக் கதை.

திடலுக்குப் பின்னால் ஓர் அலுவலகம்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பந்து வீசுபவரையும் மட்டை பிடிப்பவரையும் மட்டும்தான். அவர்களுக்குப் பின்னால் ஒரு முழு நிறுவனமே இயங்குகிறது. யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவு செய்யும் பொது நிர்வாகி, தரவு ஆய்வாளர்கள், மருத்துவக் குழு, இளையர் பயிற்சிப் பிரிவு, டிக்கெட் விற்பனை, விளம்பரம், கணக்கு, சமூகத் தொடர்பு என்று நீளும் பட்டியல் அது. இதைத்தான் 'ஃபிரண்ட் ஆஃபிஸ்' என்கிறார்கள்.

இவர்களில் ஸ்கவுட்டின் வேலை தனி ரகம். கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம், பந்தின் வேகத்தை அளக்கும் ராடார் கருவி, ஒரு குறிப்பேடு. காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பள்ளித் திடலில் ஆடும் 17 வயதுப் பையனையும் பார்ப்பார், எதிரணியின் அனுபவ வீரரையும் பார்ப்பார். அடிக்கும் திறன், அடியின் வலிமை, ஓட்டம், எறிதல், பந்தைப் பிடித்தல் என்ற ஐந்துக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார். 50 என்றால் சராசரி.

எண்ணில் அடங்காத சிலவற்றையும் அவர் பார்ப்பார். தோற்ற பிறகு பையன் எப்படி நடந்துகொள்கிறான்? பயிற்றுநர் திட்டினால் முகம் எப்படி மாறுகிறது? நேற்றுச் செய்த தவற்றை இன்று திருத்திக்கொள்கிறானா? வீட்டாரிடமும் ஆசிரியரிடமும் பேசினால்தான் சில விஷயங்கள் தெரியும். வருடத்தில் பல இரவுகள் வீட்டில் தங்க முடியாத வேலை இது. பேரும் புகழும் வீரருக்குத்தான் போகும்.

கண்ணா, கேமராவா?

2003ல் மைக்கேல் லூயிஸ் எழுதிய 'மணிபால்' என்ற புத்தகம் வந்தது. பணம் குறைந்த ஓக்லண்ட் குழு, புள்ளிவிவரங்களைக் கொண்டு மற்றவர்கள் ஒதுக்கிய வீரர்களைக் கண்டெடுத்து வென்ற கதை. பிறகு அது பிராட் பிட் நடித்த படமாகவும் வந்தது. அதன்பின் எல்லாக் குழுக்களும் கணித நிபுணர்களைத் தேடத் தொடங்கின. 2015ல் 'ஸ்டேட்காஸ்ட்' என்ற அளவீட்டு முறை 30 திடல்களிலும் பொருத்தப்பட்டது. பந்து எத்தனை முறை சுழன்றது, மட்டையிலிருந்து என்ன வேகத்தில், எந்தக் கோணத்தில் கிளம்பியது என்பதெல்லாம் நொடியில் எண்ணாகிவிடும்.

இந்தப் பாதையில் மிக வேகமாக ஓடியது ஆஸ்ட்ரோஸ். 2011 முதல் 2013 வரை மூன்று பருவங்களிலும் 100க்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோற்ற குழு அது. 2011 டிசம்பரில் பொது நிர்வாகியாக வந்த ஜெஃப் லுனோவ், முன்பு மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றியவர். நாசாவில் வேலை செய்த சிக் மெஜ்டால் என்பவரை உடன் சேர்த்துக்கொண்டார். 2014ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் சஞ்சிகை, 2017ன் வெற்றியாளர் இந்தக் குழுதான் என்று அட்டையிலேயே போட்டது. பலர் சிரித்தார்கள். ஆனால் அப்படியே நடந்தது.

ஆகவே அந்த 8 பேரை அனுப்பிய முடிவில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு ஸ்கவுட் ஒரு நாளில் ஓர் ஆட்டம் பார்க்கலாம். அலுவலகத்தில் காணொளியோடு உட்காரும் ஆய்வாளர் பத்து ஆட்டங்களின் பந்துகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். விமானச் சீட்டும் ஹோட்டல் வாடகையும் மிச்சம்.

ஆனால் அதே குழுவின் கதையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதலாமவர் ஹோசே அல்டூவே. வெனிசுவேலாவில் ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்வுக்கு வந்தபோது, உயரம் போதாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மறுநாளும் வந்து நின்றார். இன்னொரு முறை பார்த்தார்கள். 2007ல், 16 வயதில், வெறும் 15,000 டாலருக்கு ஒப்பந்தமானார். ஐந்தடி ஆறங்குல உயரம் கொண்ட அந்தப் பையன்தான் 2017ல் அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். கவனியுங்கள், அவரை முதலில் திருப்பி அனுப்பியதும் மனிதக் கண்தான், மறுநாள் அவரிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டதும் மனிதக் கண்தான்.

இரண்டாமவர் ஜே.டி. மார்ட்டினெஸ். ஆஸ்ட்ரோஸில் மூன்று பருவங்கள் சுமாராக ஆடியவர். ஓய்வுக் காலத்தில் மட்டை வீசும் முறையையே மாற்றிக்கொண்டு 2014ல் திரும்பினார். ஆனால் குழுவிடம் இருந்தவை பழைய மார்ட்டினெஸின் எண்கள். மார்ச் மாதம் அவரை விடுவித்துவிட்டார்கள். டெட்ராய்ட் குழு எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே 23 ஹோம் ரன் அடித்தார். 2018ல் 110 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் பாஸ்டனுக்குப் போய், ஆஸ்ட்ரோஸையே வெளியேற்றிய குழுவில் இருந்து கிண்ணமும் வென்றார்.

எண் நேற்று நடந்ததைச் சொல்லும். ஒரு மனிதன் இன்று காலை மாறியிருப்பதைப் பக்கத்தில் நிற்பவர்தான் முதலில் பார்ப்பார்.

தொற்றுக் காலம் காட்டிய முகம்

2020ல் கோவிட் வந்தது. 162 ஆட்டங்கள் 60 ஆகச் சுருங்கின. வழக்கமான பருவம் முழுதும் இரசிகர்கள் இல்லாமல் நடந்தது. விளையாடாத ஊழியர்களின் சம்பளத்தைக் குறைக்கவும் அவர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பவும் வழிசெய்யும் வகையில், மே 1 முதல் அவர்களின் ஒப்பந்தங்களை ஆணையர் ராப் மேன்ஃபிரெட் இடைநிறுத்தினார். சிக்காகோ கப்ஸ் போன்ற பெரிய குழுக்களில்கூட ஆட்குறைப்பு நடந்தது.

ஓக்லண்ட் குழு, கீழ்நிலை லீக் இளம் வீரர்களுக்குக் கொடுத்துவந்த வாரம் 400 டாலரையும் ஜூன் முதல் நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே உரிமையாளர் ஜான் ஃபிஷர் முடிவை மாற்றிக்கொண்டு, பணம் தொடரும் என்றார். வெளியே தெரிந்ததால் அந்த முடிவு மாறியது. தெரியாமல் போன எத்தனையோ முடிவுகள் மாறவில்லை.

அதே ஆண்டு, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' 40 சுற்றிலிருந்து 5 சுற்றாகக் குறைக்கப்பட்டது. 1999ல் 13ஆவது சுற்றில், 402ஆவது ஆளாகத் தேர்வானவர் ஆல்பர்ட் புஹோல்ஸ். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 703 ஹோம் ரன்கள். ஐந்தே சுற்று என்றால் அவர் பெயர் அந்தப் பட்டியலில் வந்திருக்காது. 2021ல் பெரிய குழுக்களோடு இணைந்த கீழ்நிலைக் குழுக்களும் 160லிருந்து 120 ஆயின. தேடுவதற்கு இடம் குறைந்தால் தேடுபவருக்கும் வேலை குறையும்.

எழுத்தில் இருப்பவர்

இதற்கு நேர் எதிரான ஒரு கதை. பாபி போனியா என்ற வீரர் கடைசியாக ஆடியது 2001ல். ஆனால் நியூயார்க் மெட்ஸ் குழு 2011 முதல் ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் அவருக்கு ஏறத்தாழ 12 லட்சம் டாலர் கொடுத்துவருகிறது. 2035 வரை கொடுக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 72. தர வேண்டிய 59 லட்சம் டாலரை, 8 விழுக்காடு வட்டியோடு பிற்காலத்தில் தருவதாக 2000ல் செய்த ஏற்பாடு அது.

தொற்று வந்தாலும், குழு கை மாறினாலும், போனியாவின் பணம் நிற்கவில்லை. காரணம் எளிது. அது எழுத்தில் இருக்கிறது. வீரர்களுக்கு வலுவான சங்கமும் இருக்கிறது. 1994ல் அவர்கள் செய்த வேலைநிறுத்தத்தால் அந்த ஆண்டின் வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. ஸ்கவுட்டுக்கும் டிக்கெட் முகப்பில் இருப்பவருக்கும் அப்படி ஒரு பலம் இல்லை. ஒரே குழுவின் சட்டையைத்தான் எல்லாரும் அணிகிறார்கள். பாதுகாப்பு மட்டும் ஒன்றல்ல. 2023ல், வயதைக் காரணமாக்கித் தங்களை ஒதுக்கினார்கள் என்று 17 முன்னாள் ஸ்கவுட்கள் மேஜர் லீக் மீது வழக்குத் தொடுத்தார்கள்.

வெட்டியவருக்கும் வந்தது

ஆஸ்ட்ரோஸ் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 2017ல் அக்குழு, திடலின் நடுப்பகுதியில் இருந்த கேமரா மூலம் எதிரணியின் சைகைகளைத் திருடி, குப்பைத்தொட்டியைத் தட்டித் தன் வீரர்களுக்குத் தெரிவித்தது பின்னர் அம்பலமானது. 2020 ஜனவரியில் 50 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. லுனோவும் பயிற்றுநர் ஏ.ஜே. ஹின்ச்சும் ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றே உரிமையாளர் இருவரையும் வேலையை விட்டு நீக்கினார். தமக்கு அது தெரியாது என்பது லுனோவின் வாதம். ஆனால் அந்த அலுவலகத்தின் பண்பாட்டிலேயே கோளாறு இருந்ததாக விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

ஸ்கவுட்களை அனுப்பியதால்தான் திருட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேறு. ஆனால் முடிவு ஒன்றே கணக்கு என்று ஓர் அலுவலகம் நினைக்கத் தொடங்கினால், பொறு, இது சரியா என்று கேட்கும் குரல்கள் அங்கே குறைந்துவிடும்.

நமக்கு என்ன?

முதலில் இளையர்களுக்கு. நிறுவனம் நன்றாக ஓடுவதால் உங்கள் வேலை பத்திரம் என்று எண்ண வேண்டாம். அந்த 8 பேரின் குழு முதலிடத்தில் இருந்தது. உங்கள் வேலையில் இயந்திரம் செய்யக்கூடியது எது, பக்கத்தில் நிற்கும் மனிதர் மட்டுமே செய்யக்கூடியது எது என்று இப்போதே பிரித்துப் பாருங்கள். கேமராவின் மொழியையும் கற்றுக்கொண்ட ஸ்கவுட்டை அனுப்புவது நிர்வாகத்துக்குக் கடினம்.

அடுத்து, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஊழியருக்கு, குறைந்தது ஓராண்டு வேலை செய்திருந்தால், இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு 15 நாள், அதற்கு மேல் 20 நாள் என இழப்பீடு உண்டு. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு இது சட்டப்படி கட்டாயமில்லை. அவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பட்டதாரிப் பிள்ளைகள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வேலை போனால் சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெட்கத்தில் அந்த நாட்களைக் கடத்திவிடாதீர்கள்.

கடைசியாகக் குடும்பத்தாருக்கு. வேலை போன பிள்ளையிடம் பலர் முதலில் கேட்பது, "நீ என்ன தப்பு செய்தாய்?" என்பதுதான். அந்த 8 பேரும் குழு தோற்றதால் போகவில்லை. அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள். "கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, காட்டு, சேர்ந்து படிப்போம்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது பக்கத்தில் உட்கார ஓர் ஆள்.